அம்மா கையை விடாத நாள்

கொள்ளேகால், ஹனூர் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இந்த வருஷம் கண்டக்டர் வேலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று சங்கத்தில் கேட்டார்கள். டிக்கெட் மெஷினைப் பிடிப்பது, கணக்கு ஒப்படைப்பது எல்லாம் உங்களுக்கு டிரெய்னிங்கில் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி. தமிழ் பேச வந்து படிக்க வராதவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

நான் பயந்தாங்கொள்ளி. முதலில் கண்டக்டராகவும், பிறகு மைசூர் வெளியூர் பஸ் நிலையத்தில் கண்ட்ரோலராகவும் இருந்த காலம் முழுக்கப் பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். மலைப் பாதையில் பிரேக் பிடிக்குமா என்று பயம். கூட்டத்தில் யாராவது குழந்தையை மறந்துவிட்டு இறங்கிவிடுவார்களோ என்று பயம். மைக்கில் தப்பான பிளாட்பாரத்தைச் சொல்லி ஜனங்களை அலைய விட்டுவிடுவேனோ என்று பயம். கூட இருந்தவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். பயமே இல்லாதவனிடம் பஸ்ஸை ஒப்படைக்கக் கூடாது என்பது அன்றும் இன்றும் என் கட்சி.

இந்தப் பயம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. பார்ப்பவர்கள் அவளைத் தைரியசாலி என்பார்கள். நான் அவள் வயிற்றில் பிறந்தவன், எனக்குத் தெரியும்.

அம்மா கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பா லாரி ஓட்டினவர். நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் உட்கார்ந்து பேசி, இனி அவள் அண்ணன் வீட்டில் மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, மறு வாரம் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மைசூருக்கு வந்து ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். எங்கே தங்கினாய், என்ன சாப்பிட்டாய் என்று பெரியவனான பிறகு கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் ஆச்சு, உடு கண்ணு" என்பாள்.

வேலை கிடைத்தது காட்டோரத்தில், கோபிநத்தம் பக்கம். மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே டீச்சர். பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், புத்தகத்தில் இருப்பது கன்னடம், போகிற வழியில் யானை. மாறுதல் கேள் என்று சொல்லாதவர்கள் இல்லை. அவள் கேட்கவில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலேயே இருந்தாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் டீச்சர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்ப்பது உங்கள் ஊரிலும் உண்டு. மற்ற டீச்சர்கள் வாசலில் நின்று பேசுவார்கள். படித்தால் இது கிடைக்கும், அது கிடைக்கும் என்று எடுத்துச் சொல்வார்கள். எங்கம்மா அப்படி இல்லை. போனதும் பிள்ளையின் கையைப் பிடித்துவிடுவாள். பிடித்து நடக்க ஆரம்பித்துவிடுவாள். பெற்றவள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு, "ஆடு மேய்க்க ஆளில்லீங்க டீச்சர்" என்று புலம்பிக்கொண்டே பின்னால் ஓடி வருவாள். பெற்றவள் தன் வாயால் பிள்ளையின் பேரைச் சொல்லி, நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் கையை விடுவாள். மிரட்டலுக்கும் கெஞ்சலுக்கும் மசிய மாட்டாள். எத்தனை பேர் அவளைத் திட்டியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. திட்டினவர்களின் பிள்ளைகள் பிற்பாடு நர்சானார்கள், வாத்தியாரானார்கள், அது வேறு கதை.

அவள் பயத்தை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அந்தக் காட்டில் துப்பாக்கியோடு ஆட்கள் நடமாடிய வருஷங்கள். நான் அந்த வழியில்தான் புதுக் கண்டக்டர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் பஸ் திரும்பும். ஒரு நாள் பஸ் திரும்பும்போது பார்த்தால், துப்பாக்கி வைத்திருந்த கொஞ்சம் பேர் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் இருவரை விசாரிக்க வேண்டும், அனுப்பு என்கிறார்கள். அம்மா அந்த இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர்கள் அப்பனை வைத்துக்கொண்டு விசாரியுங்கள் என்று மட்டும் சொல்கிறாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. ஆனால் படிக்கட்டிலிருந்து பார்த்த எனக்கு அவள் புடவைக் கொசுவம் ஆடுவது தெரிந்தது. காற்றே இல்லை. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

நான் படிக்கட்டை விட்டு இறங்கவில்லை. அப்போது எங்கள் டிரைவர், பெரியவர், ஒரு காரியம் செய்தார். இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். பஸ் நிறைய ஜனம். எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவ்வளவுதான். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணே, பயமாக இல்லையா என்று கேட்டேன். "நாலு பேரு பாக்குற எடத்துல எவனும் கொஞ்சம் யோசிப்பான்" என்றார். பல வருஷம் அதை நான் வேத வாக்காக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நாலு பேர் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடை. பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்று வந்திருந்த சமயம். ஆதார் கார்டைக் காட்டினால் போதும், ராஜ்யம் முழுக்கச் சுற்றலாம். அம்மா எங்களோடு மைசூர் விஜயநகரில் இருந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். சாப்பிட்டது மறக்கும், கிழமை மறக்கும், சில நாள் என் மனைவி செல்வியைப் பார்த்து, நீ எந்த ஊர் டீச்சர் என்று கேட்பாள். மற்றபடி கஞ்சி போட்ட புடவை, குடை, கைப்பை என்று பார்க்க அம்சமாக இருப்பாள். அவள் நிற்கிற நிற்பைப் பார்த்தால் எவனுக்கும் சந்தேகம் வராது. அதுதான் வினையாகப் போனது.

காலையில் நான் பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்வி போன் பண்ணினாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மாவைக் காணோம். தெருவெல்லாம் பார்த்தாயிற்று, கோயிலில் பார்த்தாயிற்று, பார்க்கில் பார்த்தாயிற்று. கைப்பையையும் காணோம். வீட்டுக்கு ஓடலாம் என்று எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவைத் தேட இந்த நாற்காலியை விட நல்ல இடம் எனக்குக் கிடையாது. ஒரு போனில் எத்தனை கண்டக்டரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். அம்மாவின் போட்டோவை டிப்போ வாட்ஸாப் குழுக்களில் போட்டேன். கொள்ளேகால் போகிற பஸ், ஹனூர் போகிற பஸ், மலைக்குப் போகிற பஸ் எல்லாவற்றிலும் பார்க்கச் சொன்னேன். பஸ்காரன் புத்தி அப்படித்தான் போகும். வீட்டைவிட்டுக் கிளம்பினவள் எங்கே போவாள், பஸ் பிடித்துப் பழைய ஊருக்குத்தான் போவாள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு கண்டக்டராக, இல்லை சார், இல்லை சார் என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் நஞ்சன்கூடு பஸ்ஸை இரண்டு தடவை கூப்பிட்டேன், சாம்ராஜ்நகர் பஸ்ஸை மறந்தே போனேன். ரோட்டைத் தாண்டும்போது எவன் வண்டியிலாவது அடிபட்டிருப்பாளோ என்பதுதான் அதுவரைக்கும் என் பயம்.

அப்போது ஒரு டவுன் பஸ் கண்டக்டர் கூப்பிட்டார். சர்வீஸ் நிறையப் போட்டவர். இந்த மேடமா சார், காலையில் என் பஸ்ஸில்தான் வந்தார்கள் என்றார். ஆதாரைக் காட்டினார்களாம், சட்டைப் பட்டனைப் போடுங்கள் என்று இவரிடம் சொன்னார்களாம், ஸ்கூல் டூட்டிக்குப் போகிறேன் என்றார்களாம். ரிங் ரோட்டைத் தாண்டி, புதிதாக அபார்ட்மெண்ட் எழும்புகிற ஒரு இடத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நிறுத்தப்பா, பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்றார்களாம். அங்கே ஸ்டாப்பே கிடையாது. இவர் விசில் அடித்து நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கியும் விட்டிருக்கிறார். எண்பது வயதில் என்ன டூட்டி என்று ஏனய்யா உனக்குத் தோன்றவில்லை என்று கத்தினேன். தோன்றவில்லை சார், அவர்கள் சொன்னால் செய்யத்தான் தோன்றியது என்றார். அந்த மனிதர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம். நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

அதற்கு அப்புறம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். கட்டட வேலை செய்கிறவர்களின் தகர ஷெட். அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போயிருக்க, வாசலில் விளையாடும் பிள்ளைகள். எங்கம்மா போய் நின்றால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா?

அந்த மாதம் எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது, மரியாதையாக உடுத்திய வயதான பொம்பளைகளை அனுப்புகிறார்கள், ஜாக்கிரதை என்று. எங்கேயோ எவரையோ கட்டிப் போட்டு அடிக்கிற படமும் அதில் இருந்தது. டிப்போ குழுவிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் அடிபட்டிருப்பாள் என்ற பயத்தை எப்படியாவது தாங்கலாம். மனிதர்கள் கையில் அகப்பட்டிருப்பாள் என்ற பயம் இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம்.

அந்த ரூட்டில் அடுத்த பஸ்ஸில் மஞ்சுளாதான் கண்டக்டர். மஞ்சுளா ஹனூர்ப் பெண், நம் பக்கத்துத் தமிழ். அதிகம் பேச மாட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சரிங்க சார் என்று மட்டும் சொன்னாள். அவள் திரும்பக் கூப்பிடுகிற வரைக்கும் நான் என்ன அறிவிப்புச் செய்தேன், எந்தப் பஸ்ஸை அனுப்பினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

கூப்பிட்டாள். "சார், அம்மா இங்கதான் இருக்காங்க. சுத்தி ஆளுங்க நிக்கறாங்க. ரெண்டு கொழந்தைங்க கையப் புடிச்சிருக்காங்க, உட மாட்டேங்கறாங்க. என்ன பண்ணட்டும்?"

போனுக்குள் கூச்சல் கேட்டது. ஒரு குழந்தை அழுதது. எனக்கு முதலில் வாயில் வந்ததைச் சொன்னேன். "பைத்தியம்னு சொல்லு மஞ்சுளா. புத்தி சரியில்லாத கெழவின்னு சொல்லி இழுத்துட்டு வந்துரு."

"வேண்டாங்க சார். அந்த வீடியோவுல அப்பிடித்தான் வருது. மாட்டிக்கிட்டா, பைத்தியம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போக இன்னொருத்தி வருவான்னு."

யோசித்துப் பாருங்கள். அவ்வளவு கூச்சலுக்கு நடுவில், மேலதிகாரி ஒருத்தன் போனில் கத்திக்கொண்டிருக்க, அது வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தோன்றியது. நான் சொன்னபடி அவள் செய்திருந்தால் அம்மாவோடு அவளையும் சேர்த்து முடித்திருப்பார்கள். என்னதான் கண்ட்ரோலர் சொன்னாலும் சம்பவ இடத்தில் கண் உங்களுடையது.

ஆண்கள் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். உலுக்க உலுக்க அவள் பிள்ளைகளை இறுக்கினாள். ஆம்பளைகள் கத்திக்கொண்டு வந்தால் பிள்ளைகள் கையை விடக் கூடாது, இதுதானே அவள் வாழ்நாள் முழுக்கப் பழகினது. கூட்டத்தைப் பார்த்து, ஒவ்வொருத்தராகப் பேசுங்கள் என்று கன்னடத்தில் அதட்டினாளாம். பின்னால் நின்ற சில பேர் வாயை மூடிக்கொண்டதாக மஞ்சுளா பிற்பாடு சொன்னாள். முன்னால் நின்றவன் கையில் கட்டடக் கம்பி இருந்தது. அதை அவள் அப்போது எனக்குச் சொல்லவில்லை. மீதிப் பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரைவர் பெரியவர் சொன்ன நாலு பேர் பார்க்கிற இடம்தான் அது. அங்கே ஒருத்தன்கூட யோசிக்கவில்லை.

ஒரு கையில் மைக், ஒரு காதில் போன். அம்மாவின் கையை யாராலும் பிரிக்க முடியாது, அவளேதான் விட வேண்டும். எப்போது விடுவாள்? கேள்வி அப்படி வந்ததும் பதில் வந்துவிட்டது.

"மஞ்சுளா, அந்தப் பிள்ளைங்கள பெத்தவளத் தேடு. அவ வாயால பேரைச் சொல்லி, நாளைக்கு அனுப்பறேன்னு சொல்லணும். அப்பதான் அம்மா கைய உடுவாங்க. வேற எதுக்கும் உட மாட்டாங்க."

மஞ்சுளா போனை அணைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது. பெற்றவள் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தாள். கலவை போட்டுக்கொண்டிருந்தவள் சிமெண்டுக் கையோடு ஓடி வந்து, உள்ளே நுழைய முடியாமல் அலறிக்கொண்டிருந்தாள். வடக்கே ராய்ச்சூர்ப் பக்கத்துக்காரி. மஞ்சுளா அவளிடம் என்ன பேசினாள் என்பது முழுசாகக் கேட்கவில்லை. அக்கா, என் யூனிஃபார்மைப் பார் என்றது கேட்டது. அவர்கள் டீச்சர், வயதாகிவிட்டது, ஸ்கூலில் சேர்க்கக் கேட்கிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றது கேட்டது. தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக வந்தவள் என்று நினைக்கிற ஒருத்தியின் எதிரில் நின்று அந்தப் பெண் நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் குரல் கேட்டது. பேரைச் சொல்லும்மா என்று கன்னடத்தில். வகுப்பில் கேட்கிற அதே குரல். பிறகு அந்தப் பெண், அழுகையை முழுங்கிக்கொண்டு, மல்லம்மா என்றாள். சின்னவன் நிங்கப்பா என்றாள். நாளைக்கு அனுப்புவாயா என்று அம்மா கேட்டாள்.

"நாளி களஸ்தீன்ரி" என்றாள் அவள். நாளைக்கு அனுப்புகிறேனுங்க.

தலை வாரி அனுப்பு என்று சொல்லிவிட்டு அம்மா கையை விட்டுவிட்டாள்.

கூட்டம் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் மஞ்சுளா அம்மாவை அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள். நான் போனில், கதவைச் சாத்து, ரைட் குடு, ரைட் குடு என்று கத்தினேன். டிரைவர் கதவைச் சாத்தினார். யாரோ பஸ்ஸை ஓங்கித் தட்டினார்கள். பஸ் நகர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ட்ரோல் ரூமில் டேபிள் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். மைக் ஆனில் இருந்திருக்கிறது. பஸ் நிலையம் முழுக்கக் கேட்டதாம்.

செல்வி போய் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நானும் ஓடினேன். மூக்குக் கண்ணாடி போயிருந்தது. இரண்டு கை மேற்புறமும் கன்றிச் சிவந்திருந்தது. அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, அந்த ஊர் ஆம்பளைகளுக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை என்று குறை சொன்னாள். பயமாக இருந்ததா அம்மா என்று கேட்டேன்.

"இல்லாம? எப்பத்தான் இல்ல? அதுக்குன்னு உட்டுற முடியுமா கண்ணு?" என்றாள்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. மறுபடியும் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டேன். சாயங்காலக் கூட்டம் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. மைக்கில் பாட்டுப் பாடாத குறை. வடக்கே போகிற பஸ்களை எல்லாம் உற்சாகமாக அனுப்பினேன். ராய்ச்சூர் பஸ்ஸுக்கு, குழந்தை குட்டியோடு வந்திருப்பவர்கள் முன்னால் ஏறுங்கள், மற்றவர்கள் கொஞ்சம் வழி விடுங்கள் என்று விசேஷமாக அறிவிப்பு வேறு. என்ன சார் இன்றைக்கு இவ்வளவு குஷி என்று பக்கத்து ஸீட்காரர் கேட்டார்.

மறுநாள் நானும் செல்வியும் இரண்டு ஸ்கூல் பையும் கொஞ்சம் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனோம். அந்தப் பெண் காலில் விழவும் நான் தயாராக இருந்தேன். ஷெட் காலியாக இருந்தது. அடுப்புக் கல் மட்டும் கிடந்தது. பக்கத்து ஷெட்டுப் பெண் எங்களைப் பார்த்து முதலில் கதவை இழுத்துக்கொண்டாள். செல்வி அழுததைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்து சொன்னாள்.

பஸ் போன பிறகும் கூட்டம் கலையவில்லையாம். கிழவி போய்விட்டாள், கையில் கம்பியோடு நின்றவர்கள் சும்மா திரும்பிப் போவார்களா. நாளைக்கு அனுப்புகிறேன் என்று நீ ஏன் அவளிடம் சொன்னாய், அவள் உனக்கு என்ன உறவு, நீயும் அந்தக் கும்பலா, இந்தப் பிள்ளைகள் உன்னுடையவைதானா, ஆதாரைக் காட்டு என்று பெற்றவளைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் பேப்பர் எல்லாம் ஊரில் இருந்தது. மேஸ்திரி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அதற்குள் இரண்டு பிள்ளைகளின் முகமும் எல்லார் போனிலும் போய்விட்டது. இனி யார் வேண்டுமானாலும் வந்து கேட்பார்கள், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று பயந்து, கூலியைக்கூட வாங்காமல், சாயங்காலமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராய்ச்சூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் அங்கே கிடந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் கண் முன்னால்தான் ஏறியிருப்பாள். அவள் குரல் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. முன்னால் ஏறச் சொல்லி வழிவிட்டு அனுப்பி வைத்தவனே நான்தான்.

மஞ்சுளாவிடம் இதைச் சொன்னேன். நான் திரும்பிப் பார்க்கவே இல்லீங்களே சார் என்றாள். யார் பார்த்தார்கள்? அவள் செய்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது, இன்னொருத்தியாக இருந்தால் எனக்கு அம்மா இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லுவேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவரைக் காப்பாற்றி வண்டியில் ஏற்றினால், கதவைச் சாத்துவதற்கு முன்னால் கீழே மிச்சம் நிற்பது யார் என்று ஒரு பார்வை பாருங்கள். அந்தக் கோபம் அடுத்து யார் மேல் விழும் என்று பாருங்கள். பஸ்ஸில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது.

அம்மாவுக்கு அந்தக் கூட்டம் மறந்துவிட்டது. கை ஏன் வலிக்கிறது என்று கேட்டாள். ஆனால் அந்த இரண்டு பேர் மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு கேட்பாள், மல்லம்மாவும் நிங்கப்பாவும் வந்தார்களா என்று. நான் கேட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். வந்துவிட்டார்கள் அம்மா என்பேன். சரி என்று உள்ளே போய்விடுவாள். செல்வியும் அப்படியே சொல்வாள். பல மாதம் இப்படியே ஓடியது. அம்மா படுக்கையில் விழுந்தாள். பேச்சு குறைந்தது. என் பெயர் போய்விட்டது, அப்பா பெயர் எப்போதோ போய்விட்டது.

ஒரு நாள் காலையில் கஞ்சி ஊட்டும்போது அந்த இரண்டு பேரையும் கேட்டாள். வழக்கம்போல, வந்துட்டாங்கம்மா என்றேன். அம்மா ஸ்பூனைத் தள்ளிவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புது வாத்தியாரை ஹெட்மிஸ்ட்ரஸ் பார்க்கிற பார்வை அது.

"வராத புள்ளைய வந்துருச்சுன்னு சொல்றது என்ன வேலை? போய்க் கூட்டிட்டு வா" என்றாள்.

சரி அம்மா என்றேன். அதற்கு அப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருஷ மழைக்காலத்தில் போய்விட்டாள்.

ராய்ச்சூருக்கு நான் போகவில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு தடவை போனேன். கட்டட வேலை நடக்கிற இடம் ஒவ்வொன்றாகப் போய் நின்றேன். ஆனால் ஒரு கிழவன், வெளியூர்க்காரன், இரண்டு பிள்ளைகளின் பேரைச் சொல்லி ஷெட் ஷெட்டாகக் கேட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும்? கேட்க வாயெடுப்பேன். பக்கத்தில் நிற்பவன் போனைத் தூக்குவான். நான் திரும்பி வந்துவிடுவேன். நான்தான் முதலிலேயே சொன்னேனே, பயந்தாங்கொள்ளி என்று.

உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. காக்கிச் சட்டை போட்டிருக்கிறீர்கள், உங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதே உங்கள் வேலை. வடக்கு ரூட்டில் டூட்டி விழுந்தால், சிமெண்டுக் கையோடு ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் ஏறினால், டிக்கெட் கொடுக்கும்போது பிள்ளைகளின் பேரைக் கேளுங்கள். பெரியவள் மல்லம்மா, சின்னவன் நிங்கப்பா. இப்போது எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள்.